பான்டத்தில் யார் உட்காருவது

என் கணவர் மருதை பொறாமைக்காரர். கருமாதிக்கு வந்தவர்கள் அவரை உழைப்பாளி என்றார்கள். வழியில் யார் வண்டி நின்றாலும் இறங்கிப் பார்ப்பவர் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பொறாமையை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசினால் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் எனக்குக் கேட்கிறது. இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான் விழித்திருக்கிறேன். விட்டுப்போனதை நான் எழுதிவைக்கிறேன்.

அவருடைய பொறாமை முழுவதும் ஒரே ஆள்மேல் இருந்தது. அந்த ஆளைப் பற்றி நினைத்தால் எனக்கும் பொறாமைதான். ஏனென்றால் என்மேல் அவர் ஒருநாளும் பொறாமை கொண்டதில்லை. கல்யாணமான புதிதில், மழை நாளொன்றில் என்னோடு வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் தன் காரில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சிவந்த, அழகான மனிதர். இவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, கார் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கார்ல ஒரு வால்வு தட்டுது. நாளைக்கு அவர்கிட்ட சொல்லு" என்றார்.

அவ்வளவுதான்.

நாங்கள் எங்கள் தீவின் வடக்கே லாங் மவுண்டன் கிராமத்தில் இருந்தோம். அவருக்கு ட்ரியோலேயில் ஒரு பஸ் பட்டறையில் மெக்கானிக் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அந்த மோட்டார் சைக்கிள் இருந்தது. பான்டம், நூற்றிருபத்தைந்து சி.சி. ஒரு சர்வேயர் கரும்பு வயல்களைச் சுற்றிவர வைத்திருந்து, எஞ்சின் இறுகி நின்றுபோனதும் கைவிட்ட வண்டி. அதை வாங்கி வந்த அன்றே மட்கார்டையும் விளக்கையும் கழற்றி எறிந்தார். ஹெட்டைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்து இழைத்தார், உள்ளே அழுத்தம் கூடுவதற்காக. சிலிண்டரின் துவாரங்களை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார். சைலன்சரை எறிந்துவிட்டுத் தகரத்தைக் கூம்பாக வளைத்துத் தானே ஒரு குழாய் செய்தார். அது சரியாக ஒலிக்காவிட்டால் வெட்டி மறுபடி ஒட்டுவார். பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலந்து ஓட்டுவார். அந்த வாசனை எங்கள் தலையணை உறையில்கூட இருந்தது.

வடக்கே கரும்பு வயல்களின் நடுவில் போர்க்காலத்தில் போட்டுவிட்டுப் போன விமான ஓடுபாதை ஒன்று உண்டு. தார்ப் பீப்பாய்களை நிறுத்தி அதில் வருஷத்துக்கு ஒருமுறை பந்தயம் விடுவார்கள். குமாஸ்தாக்கள், மெக்கானிக்குகள், தோட்டத்து ஓவர்சியர்கள் என்று ஆசைக்கு ஓட்டுபவர்கள்தான் எல்லாரும். சின்ன எஞ்சின், கனத்த ஆளைச் சுமந்தால் ஓடாது. இவரோ நல்ல ஆகிருதி. அதனால் ஓட்டுவதற்கு ஃப்ரான்சிஸைக் கூட்டிவந்தார்.

ஃப்ரான்சிஸ் பாம்ப்ளமூஸ்காரன். தலைநகர் போர்ட் லூயியில் ஒரு குதிரை லாயத்தில் காலையில் பந்தயக் குதிரைகளை ஓட்டிப் பழக்குவது அவன் வேலை. ஒல்லியானவன், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் இனம், வாய் ஓயாமல் பேசுவான். வண்டிமேல் ஏறியதும் டேங்கில் தாடையை வைத்து, முழங்காலை மடக்கி, வண்டியின் ஒரு பாகம்போல ஆகிவிடுவான். முதல் வருஷமே இரண்டாவதாக வந்தான். அடுத்த வருஷம் முதலாவது.

அங்கேதான் வந்தது வினை. ட்ரியோலே முழுவதும் அந்த வண்டியை 'ஃப்ரான்சிஸ் மோட்டோ' என்று கூப்பிட ஆரம்பித்தது. பட்டறையில் டயர் மாற்ற வந்த பஸ் டிரைவர்கூட, "ஃப்ரான்சிஸ் மோட்டோ எப்படி இருக்கு, மருதை?" என்று விசாரித்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அவன் அதுல என்ன செஞ்சான்? ஒரு நட்டு முடுக்கியிருப்பானா? ஏறி உட்கார்றான், இறங்குறான். பேர் அவனுக்கு."

"உங்க பேரை அவன் எங்கே போனாலும் சொல்றானே" என்றேன்.

"சொல்லுவான். பிச்சை போடுற மாதிரி."

அடுத்த பந்தயத்தில் தானே ஓட்டி ஜெயிப்பது என்று முடிவு செய்துவிட்டார். ஃபுட்ரெஸ்ட்டுகளைக் கழற்றித் தன் காலுக்கு ஏற்றபடி முன்னால் தள்ளி மாட்டிக்கொண்டிருந்தபோது ஃப்ரான்சிஸ் கொட்டகைக்குள் வந்தான். எங்கள் வீட்டில் பேச்சு கிரியோல் மொழியில்தான், அதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

"இது யார் காலுக்கு?"

"என் காலுக்கு."

ஃப்ரான்சிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். "மோட்டோ ஓட்டப் போறியா, பஸ் ஓட்டப் போறியா?"

"சிரி. பந்தயத்தன்னிக்கு யார் சிரிக்கிறாங்கன்னு பார்ப்போம்."

"நிஜமாத்தான் சொல்றியா, நண்பா?" ஃப்ரான்சிஸின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தான். "மாடாம், இவர் நிஜமாத்தான் சொல்றாரா?"

நான் தோளைக் குலுக்கினேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி அவன் எங்கள் கொட்டகைக்கு வரமாட்டான் என்று நினைத்தேன்.

பந்தயம் புரட்டாசி முடியும் சமயத்தில் வந்தது. எங்கள் ஆட்கள் அந்த மாதம் முழுவதும் கரேம் பிடிப்பார்கள். மாமிசமும் மதுவும் தொடாத விரதம். இவர் எப்போதும் சனிக்கிழமை மட்டும் பிடிப்பவர். அந்த வருஷம் மாதம் முழுவதும் பிடித்தார். காலையில் வெறும் டீ, மத்தியானம் ஒருபிடிச் சோறு, ராத்திரி ஒரு வாழைப்பழம். முனைக் கடைச் சீனரின் அரிசி மூட்டைத் தராசில் ஏறி நின்று எடை பார்ப்பார். "மருதை, இப்படியே போனா உன்னைப் பொட்டலம் கட்டி வித்துடலாம்" என்று சீனர் சிரிப்பார். பெருமாளுக்காக என்று ஊர் நினைத்தது. கோயில் கமிட்டியில் இருந்த வீரசாமி ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தி! நீ குடுத்து வெச்சவ, மகளே" என்றார். ஃப்ரான்சிஸின் எடைக்குத்தான் இந்தத் தவம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கடைசிச் சனிக்கிழமை, பந்தயத்துக்கு முதல்நாள், வீரசாமி ஐயா வீட்டில் பெருமாளுக்குக் கோவிந்தம் பூஜை. பெயர் சொல்லி அழைத்துவிட்டார், போகாமல் இருக்க முடியாது. பந்தியில் வாழை இலையில் ஏழு கறி, வடை, அப்பளம், பாயசம். ஃப்ரான்சிஸையும் ஐயா அழைத்திருந்தார், அவருடைய மகன் வேலை செய்வதும் அதே குதிரை லாயத்தில்தான். இருவரையும் அடுத்தடுத்த இலையில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"மருதைக்கு இன்னொரு வடை போடு மகளே. கோவிந்தா கோவிந்தான்னு சாப்பிடணும்" என்றார் ஐயா.

இவர் வேண்டாமென்று சொல்ல முடியாமல் விழுங்கினார். ஒவ்வொரு வாய்க்கும் முகத்தில் தராசு முள் ஏறுவது தெரிந்தது. ஃப்ரான்சிஸ் பலாக்காய்க் கறியை மூன்றாம் முறை கேட்டு வாங்கினான்.

"நல்லா சாப்பிடுறே" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாளைக்கு எனக்கும் பலம் வேணுமே."

"உனக்கு எதுக்கு?"

"நானும் ஓட்டறேன். ஆந்த்ரே கூப்பிட்டான்."

ஆந்த்ரே போர்ட் லூயியில் ஒரு இறக்குமதிக் கம்பெனி குமாஸ்தா. இத்தாலியிலிருந்து புதிதாக ஒரு வண்டி வரவழைத்திருந்தான்.

இவர் கை இலைமேல் அப்படியே நின்றது. "எப்போ கூப்பிட்டான்?"

"நீ என்னை இறக்கிவிட்ட மறுநாள்."

"நீ உடனே சரின்னுட்டே."

"பின்னே? வீட்டுல உட்கார்ந்து அழணுமா?"

இவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். பாயசம் தொடப்படாமல் இருந்தது. வீரசாமி ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான்தான் வயிறு சரியில்லை என்று சமாளித்தேன்.

மறுநாள் ஓடுபாதையில் நல்ல கூட்டம். காதோ பிமான் விற்பவர்கள் எண்ணெய்ச் சட்டியோடு வந்திருந்தார்கள், எங்கள் மசால் வடைக்குத் தம்பி போன்ற பண்டம் அது. காலையில் தகுதிச் சுற்று. முதல் ஐந்து வண்டிகளுக்கு மாலை இறுதிப் பந்தயத்தில் இடம். இவருக்கும் ஃப்ரான்சிஸுக்கும் ஒரே சுற்று.

நேர் ஓட்டத்தில் பான்டம் ஆந்த்ரேயின் புது வண்டியைத் துரத்திப் பிடித்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் பீப்பாய்த் திருப்பத்தில் இவர் வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார். ஃப்ரான்சிஸ் தரையைத் தொடுவதுபோல் சாய்ந்து திரும்பிப் போய்விடுவான். மறுபடி துரத்தல், மறுபடி திருப்பம். "பஸ் வருது, வழி விடு!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. ஃப்ரான்சிஸ் முதலாவது. இவர் ஐந்தாவது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் எண்ணெய்ப் புகை. தோற்ற அவமானம் என்று நினைத்து, "அஞ்சாவதுன்னாலும் ஃபைனல்ல இடம் கிடைச்சுதே" என்றேன்.

"பாத்தியா?"

"பாத்தேன். நேர் ரோட்டுல நீங்க நல்லாத்தான்..."

"என்னை விடு. அவனைப் பாத்தியா? எப்படி உட்கார்ந்திருந்தான்? காலை மடக்கி, தாடையை டேங்க்ல வெச்சு. என் வண்டியில உட்கார்ற மாதிரியே. வெட்கமே இல்லாம. போன வருஷம்வரைக்கும் இங்கே உட்கார்ந்தவன், ஊர் பார்க்க இன்னொருத்தன் வண்டியில..."

அவர் குரல் தழுதழுத்தது. ஒரு மாதம் பட்டினி கிடந்து, தன் வண்டியில் ஃப்ரான்சிஸ் உட்காரக் கூடாது என்று பாடுபட்ட மனிதர். அடுத்தவன் வண்டியில் அவன் உட்காருவதை ஒரு சுற்று முழுவதும் பின்னாலிருந்து பார்த்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அந்தத் தழுதழுப்பை நான் எத்தனை வருஷமாக எனக்காக எதிர்பார்த்தேன்!

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, பான்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே ஆந்த்ரேயின் வண்டி நின்ற இடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஃப்ரான்சிஸ் புல்லில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். இவர் அவன் எதிரிலேயே குந்தி, பழைய இடத்துக்கே மாற்றப் பான்டத்தின் ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன பண்றே?" என்றான் ஃப்ரான்சிஸ்.

"கண்ணு தெரியலையா?"

"தெரியுது. வாயைத் திறந்து கேளு."

"எதைக் கேட்கணும்?"

"உனக்கே தெரியும். கேளு, மருதை."

இவர் கேட்கவில்லை. நட்டோடு மல்லுக்கு நின்றார். காதுவரை சிவந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் தலை நிமிராமல், "இது இறுகிப்போச்சு. அந்தப் பக்கம் பிடி" என்றார்.

ஃப்ரான்சிஸ் கொஞ்ச நேரம் ஆரஞ்சைத் தின்றான். பிறகு கையைப் புல்லில் துடைத்துவிட்டுக் குந்தி அந்தப் பக்கம் பிடித்தான்.

"ஃப்ரான்சிஸ்!" ஆந்த்ரே பாய்ந்து வந்தான். "ஃபைனல் இருக்கு! என் வண்டி?"

"உன் வண்டியை நீயே ஓட்டு, ஆந்த்ரே. நல்ல வண்டி. யார் ஏறினாலும் ஓடும்."

"அதான் அதோட குறை" என்றார் இவர், ஸ்பேனரைத் திருகிக்கொண்டே.

ஆந்த்ரே நடத்துபவர்களிடம் முறையிட்டான். தகுதி வண்டிக்கு, ஆளுக்கு இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இறுதிப் பந்தயத்தில் ஃப்ரான்சிஸ் பான்டத்தில் இரண்டாவதாக வந்தான். ரோஸ் ஹில்காரர் ஒருவர் ஜெயித்தார். ஆந்த்ரே வெகு பின்னால்.

பட்டறை லாரியின் பின்புறம் பான்டத்தைக் கட்டி ஏற்றினார்கள். போகும்போதும் வரும்போதும் முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருவது நான்தான். அன்று நான் ஏறப் போனபோது, "நீ கொஞ்சம் ஜன்னல் பக்கமா உட்காரு. எனக்கு இவன்கிட்ட பேசணும்" என்றார். ஃப்ரான்சிஸ் நடுவில் ஏறிக்கொண்டான்.

"கடைசித் திருப்பத்துல ஏன் த்ராட்டிலை விட்டே?"

"நான் விடலை. உன் பிரேக் பிடிக்கலை."

"என் பிரேக்கா? அதைக் காலையில நான் மிதிச்சேன். நல்லாப் பிடிச்சுது."

"நீ ஒரு மைல் முன்னாலேயே மிதிச்சா எந்த பிரேக்கும் பிடிக்கும்."

அந்த வருஷம் அரசியலில் இருவரும் எதிர் எதிர் பக்கம். சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று நாடே அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாம்ப்ளமூஸ்வரை பிரேக்கும் திருப்பமும்தான்.

ஃப்ரான்சிஸ் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினார். அவனை வெளியே விட நான் இறங்கி, அவன் இறங்கியதும் மறுபடி ஏறிக்கொண்டேன். இவரும் அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிவந்து, அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு வேலை முடிஞ்சதும் வா. ஆந்த்ரே கூப்பிட்டான், அவன் கூப்பிட்டான், இவன் கூப்பிட்டான்னு போனேன்னு கேள்விப்பட்டேன்..."

"போனா என்ன பண்ணுவே?"

"போய்ப் பாரு. தெரியும்."

ஃப்ரான்சிஸ் வாய்விட்டுச் சிரித்தான். இவரும் சிரித்தார். ஒட்டிப்போன கன்னத்தோடு, எண்ணெய்க் கையால் அவன் தோளைத் தட்டிக்கொண்டு, மறுபடி அந்தத் திருப்பத்தைப் பற்றியே கேட்க ஆரம்பித்தார். எப்படிச் சாய்ந்தான் என்று ஃப்ரான்சிஸ் தெருவிலேயே குந்திக் காட்டினான். இவர் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. லாரியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

நான் டிரைவர் பக்கம் நகர்ந்து ஹார்னில் கையை வைத்து அழுத்தினேன். அந்தத் தெருவிலிருந்த எல்லா ஜன்னல்களும் திறக்கும்வரை எடுக்கவில்லை.