கோலை அடைக்க ஓர் ஆள்

மயக்க மருந்து டாக்டர் அதைச் சொன்னபோது, மேஜையில் ஒருவருக்குப் பித்தப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ். டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தாள்.

"எங்கள் ஐஸ் ஹாக்கி டீமுக்கு கோல்கீப்பர் இல்லை. நீ வா. உன்னை நிறுத்தினாலே பாதி கோல் அடைபட்டுவிடும்."

சர்ஜன் சிரித்தார். மாஸ்க் போட்டிருந்தாலும் கண் சுருங்குவதில் சிரிப்பு தெரிந்துவிடும். நானும் சிரித்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஊர் குளச்சல் பக்கம். அபுதாபிக்கு வந்த பிறகு உடம்பு போட்டிருந்தது. அவள் கனடாக்காரி. வெளிநாட்டுப் பெண்கள் வாரம் ஒரு சாயங்காலம் கூடி ஆடும் ஹாக்கி டீமுக்கு அவள்தான் கேப்டன். நான் சரி என்றதற்கு முதல் காரணம் பயம். எந்த நர்ஸ் எந்த ஆபரேஷன் தியேட்டரில் நிற்பது என்பதில் அவள் பேச்சு எடுபடும். இன்னொரு காரணமும் இருந்தது. வெளியே இறங்கினால் செருப்பின் அடி உருகுகிற ஆகஸ்ட் மாதம். அந்த ஊரில் பனிக்கட்டி மேல் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

முதல் நாள் ஒரு பெரிய பையை என் காலடியில் போட்டார்கள். உள்ளே முட்டிக்கு மேல்வரை வரும் பேட், மார்புக் கவசம், ஹெல்மெட். யார் யாரோ போட்டு வியர்த்து, காயாமலே மூடி வைத்தவை. ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியதும் ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை மூக்கில் ஏறியது. ஸ்கேட்ஸ் எனக்கு ஒரு அளவு சின்னது. "இறுக்கமாக இருந்தால்தான் நல்லது," என்றாள் டாக்டர்.

ஐஸில் கால் வைத்தேன். கால் போய்விட்டது. நான் அங்கேயே கிடந்தேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். யாரும் கை கொடுக்கவில்லை. ஒருத்தி தன் கேமராவை எடுத்துவந்து படம் பிடித்தாள். கடைசியில் இரண்டு பேர் என் இரண்டு தோளையும் பிடித்து, பீரோவை நகர்த்துகிற மாதிரி தள்ளிக்கொண்டு போய் கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"நீ ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ள வேண்டாம். விழு, எழு. அது போதும்," என்றாள் டாக்டர்.

பிறகு அடிக்க ஆரம்பித்தார்கள். பக் என்று சொல்கிற அந்தக் கறுப்பு வட்டு ரப்பர்தான். ஆனால் குளிரில் உறைந்து கல்லாகிவிடும். முதல் பக் வயிற்றில் பட்டது. கவசம் இருந்தும் மூச்சு நின்றது. அடுத்தது வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவள் எல்லோரையும் கூப்பிட்டாள். "இவள் கண்ணை மூடும்போதெல்லாம் எல்லோரும் ஒரே சமயத்தில் அடியுங்கள்." அடித்தார்கள். அது அவர்களுக்கு விளையாட்டாகிப் போனது. நான் கண்ணை மூடுவதற்காகவே, அடிக்காமல் மட்டையை மட்டும் ஓங்கிக் காட்டுவார்கள்.

வீட்டிலும் கதை இதுதான். நாங்கள் ஒரு வில்லாவில் ஒற்றை அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு முஸஃபா தொழிற்பேட்டையில் ஒரு யார்டில் வேலை. தொடையிலும் புயத்திலும் இருந்த கறுத்த தடங்களைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை நண்பர்கள் சாப்பிட வந்தபோது, இரண்டு தலையணையைக் காலில் கட்டிக்கொண்டு, பின்பக்கத்தைத் தள்ளி, நான் ஐஸில் நடப்பதை நடித்துக் காட்டினார். நான் மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தேன். ஒருவர் சிரித்துப் புரையேறி இருமினார். அவருக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

ஆனாலும் விடவில்லை. டியூட்டி இல்லாத காலை நேரங்களில், ஐஸ் மைதானத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும்போது தனியாகப் போனேன். வாடகை ஸ்கேட்ஸ் அளவாக இருந்தது. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுவருக்குப் பக்கத்தில், பிறகு சுவரை விட்டு. ஒரு காலை ஊன்றி மற்றதால் பக்கவாட்டில் தள்ளினால், உடம்பு திரும்பாமலே கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போய்விடலாம் என்று பிடிபட்டது. ஒரு காலையில் நான் தள்ளாமலே ஐஸ் என்னைக் கொண்டுபோயிற்று. கொஞ்ச தூரம்தான். என் எடையே எனக்குத் தெரியவில்லை.

துபாய் டீமோடு முதல் மேட்ச். என்னைத் தாண்டி கோல் மேல் கோல் விழுந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண்களே கடைசியில் கொண்டாடுவதை நிறுத்திவிட்டார்கள். திரும்பும்போது டாக்டரின் வண்டியில் பின்சீட்டில் என் மடியில் பேட் பை. வழியில் பெட்ரோல் பங்கில் அவள் இறங்கி மற்றவர்களுக்கெல்லாம் காபி வாங்கி வந்தாள். எனக்கு இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். "நீ இன்னும் அதைச் சம்பாதிக்கவில்லை," என்றாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து. மறுநாள் தியேட்டரில் ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்தது என்று சர்ஜனுக்கு வரிசையாகச் சொன்னாள். நான் கத்தரி எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் தேறினேன். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லவில்லை. கண்ணை மூடுவது நின்றது. பிராக்டிஸில் டாக்டரின் ஷாட்டுகளைத் தொடர்ந்து தடுத்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது மட்டையைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் அடித்த பக் என் பேட்டில் பட்டு முன்னால் விழுந்தது. மட்டையை விட்டுவிட்டுப் பாய்ந்து வலது கையால் மூடினேன். கீப்பர் பக்கை மூடிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். விசிலும் ஊதியாயிற்று. அவள் நிறுத்தவில்லை. என் கைமேல் மட்டையால் ஒருமுறை அடித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். இன்னொருமுறை அடித்தாள்.

கையுறையைக் கழற்றியபோது நடுவிரல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். "பிசகியிருக்கிறது, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு விரலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நான் கத்தினேன். எலும்பு முறிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

"டாக்டர், எக்ஸ்ரே எடுக்கணும்."

"பிராக்டிஸ் முடியட்டும். வேறு கீப்பர் யார் இருக்கிறார்கள்?"

நின்றேன். இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமான விஷயம் அதுதான். மிச்ச நேரம் முழுக்க நின்றேன்.

விரல் கோணலாகக் கூடியது. தியேட்டர் பொறுப்பில் இருந்த கோட்டயத்து சிஸ்டர், டாக்டரிடமே விசாரித்திருக்கிறார். "ஐஸில் விழுந்துவிட்டாள். கவனமாக இரு என்று நான் எத்தனையோ முறை சொன்னேன்," என்றாளாம். மெல்லிய ஊசியையும் நூலையும் பிடிக்க என் விரல் மடங்கவில்லை. என்னை பேஸ்மென்டில் கருவிகளைக் கழுவி ஆவியில் வேகவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். மேலே தியேட்டரில் என்னிடம் வேலை பழகிய பெண், ரத்தம் ஒட்டிய தட்டுகளை இப்போது என்னிடம் அனுப்பினாள்.

வீட்டுக்காரர் விரலைத் தூக்கிப் பார்த்தார். "சவத்தத் தள்ளு. கை போச்சா, வேலையும் போகும். அப்பவே சொன்னேன்லா?" என்றார்.

சில மாதம் கழித்து டாக்டர் பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தாள். அங்கே அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. புதிதாகச் சேர்ந்த கீப்பர் லீவில் போய்விட்டாளாம். "செவ்வாய்க்கிழமை மேட்ச். வருகிறாயா?"

போனேன். அவளுக்காகப் போகவில்லை. ஐஸுக்காகப் போனேன். வலது கை விரல் மட்டையைச் சுற்றி மூடவில்லை, டேப் வைத்துக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு ஆடியது போல் நான் அதுவரை ஆடியதில்லை. ஒன்றே ஒன்றுதான் உள்ளே போயிற்று. ஜெயித்தோம். டாக்டர் என் ஹெல்மெட்டில் தட்டினாள்.

உடை மாற்றும் அறையில் அவள் லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "டாக்டர், விரல் எப்படி உடைந்தது என்று சிஸ்டரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், என்னை ரெக்கவரி வார்டுக்காவது மாற்றுவார்கள்."

அவள் தலை நிமிரவில்லை. "அதையெல்லாம் இங்கே கொண்டுவராதே. நாம் இங்கே சந்தோஷத்துக்காக வருகிறோம். கலாஸ், அது முடிந்த கதை. அடுத்த வாரம் துபாய் வருகிறது, சீக்கிரம் வந்துவிடு."

"சரி டாக்டர்," என்றேன்.

அடுத்த வாரம் ஆட வரமாட்டேன் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. போனை அணைத்து வைத்தேன். ஆனால் ஐஸ் மைதானத்துக்குப் போனேன். டீம் பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது மேலே இருக்கைகளிலிருந்து தெரிந்தது. அவர்களுக்குள் வாக்குவாதம். வேறு யாரும் முன்வராததால், கேப்டன் என்ற முறையில் அவளே பேட்டைக் கட்டினாள்.

கீழே இறங்கிப்போய் கோலுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஸ்கேட்டிங்கில் கெட்டிக்காரி, ஆனால் அந்த பேட்டில் அவளால் நகர முடியவில்லை. முன்பு அவள் மட்டையில் அடி வாங்கியிருந்த துபாய்க்காரிகள், அது யார் என்று தெரிந்ததும் கிட்டே வந்து ஓங்கி அடித்தார்கள். ஒன்று தோளில். ஒன்று கழுத்துக்குக் கீழே. முட்டிபோட்டபடி திரும்பினாள், என்னைப் பார்த்தாள். கை ஆட்டிக் கூப்பிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவது தெரிந்தது. நான் அசையவில்லை. அடுத்த பக் அவள் திரும்பியிருந்தபோதே வந்து விலாவில் பட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே இறங்கி எப்படித் தடுக்க வேண்டும் என்று என் கால்கள் செருப்புக்குள் தாமாகத் தள்ளிக்கொண்டிருந்தன. அது மட்டும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் டாக்டர் வேலைக்கு வரவில்லை. விலா எலும்பில் விரிசல் என்று பேஸ்மென்டுவரை செய்தி வந்தது. அவள் சம்பளத்தோடு ஓய்வு எடுத்தாள். எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டேன். "மேலே முடிவு பண்ணியது, மோளே," என்றார் சிஸ்டர், என் கையைப் பார்க்காமல்.

சவூதியில், தம்மாமில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் அபுதாபியிலேயே இருந்துகொண்டார். தம்மாமில் பெண்கள் போகிற ஐஸ் மைதானம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.