வில்பர்ட் வாசல்ல பூக்காத நீலக்குல்லாப் பூ

டெக்ஸஸ்ல, லேனோ ஆத்துக்கு இந்தப் பக்கம் வில்பர்ட் க்ரோனர் மாதிரி புல்லு வெட்டுறவன் கெடையாது. தீவனக்கடையில முப்பது வருஷம் மூட்டையை எண்ணாமலே கையெழுத்துப் போட்ட ஆளு. வேற எதுக்கும் லாயக்கில்ல, இதுல மட்டும் ராஜா. உக்காந்து ஓட்டுற மெஷின்ல ஏறி, வாசல் புல்லைப் பட்டாளத்துக்காரன் தலை மாதிரி ஒட்ட வெட்டிட்டு, ரோட்டுல போறவங்க பாக்குறாங்களான்னு பாப்பான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பொண்டாட்டி நெல்டாவோட தம்பி ஆர்லன். அவன் நிலம் வெறும் சரளை. ஆனா ஈஸ்டர் வந்தா நீலக்குல்லாப் பூ, அதான் காட்டு லூப்பின், தரை தெரியாம பூத்துக் கெடக்கும். ஊர்ல பொறக்குற புள்ளைங்கள அந்தப் பூவுக்குள்ள உக்காரவெச்சு ஒரு போட்டோ எடுத்தாகணும். இல்லேன்னா அது டெக்ஸஸ் புள்ளைன்னே எவனும் ஒத்துக்க மாட்டான்.

ஒரு வருஷம் மே மாசம் வில்பர்ட்டுக்கு வாய் சும்மா இருக்கல. பூ முடிஞ்சு செடி காஞ்சு நின்னதைப் பாத்து, "என்னடா மச்சான், பன்னி படுக்குற எடம் மாதிரி இருக்கு. வெட்டி விடட்டுமா?"ன்னான்.

"காய் பழுத்து வெடிச்சு விதை கொட்டுற வரைக்கும் கத்தி படக்கூடாது அத்தான். இதுகூடத் தெரியல. இனிமே இந்த வேலியத் தாண்டாதீங்க."

"போடா. அடுத்த ஈஸ்டருக்கு டெஸா போட்டோ என் வாசல்லதான்." டெஸா அவன் மக பெத்த கைக்குழந்தை.

சவால் விட்டாச்சு, வளக்கத் தெரியணுமே. நெல்டாதான் திருட்டுத்தனமா தம்பிக்குப் போன் போட்டா. அவன் சொன்னான்: "விதை கல்லு மாதிரி இருக்கும்க்கா. உப்புத்தாள்ல தேச்சு, ராத்திரி ஊறப்போடு. அக்டோபர்ல நல்லா வெயில் விழுற எடத்துல தூவி, காலால மிதிச்சு விடு, ஆழமா பொதைக்காதே. உரம் மட்டும் போட விடாதே, இலையா வரும், பூ வராது."

அக்டோபர்ல நெல்டா சொல்லச் சொல்ல வில்பர்ட் வாசல்ல விதையைத் தூவினான். உர மூட்டையைத் திரும்பக் கொட்டகையில வெச்சப்ப வில்பர்ட் மூஞ்சியப் பாக்கணும், பெத்த புள்ளைய விடுதியில விட்டவன் கெட்டான். இருந்தாலும் விதை முளைச்சுது. குளிர்காலம் முழுக்கச் செடி தரையோட தரையா, தட்டு மாதிரிப் படுத்தே கெடக்கும். அதுதான் அதோட வழக்கம்.

பிப்ரவரி வந்துச்சு. பிப்ரவரியில புல்லுக்குக் களைமருந்து அடிக்கிறது அவனுக்கு ஜெபம் மாதிரி. அடிச்சான். சாயங்காலம் உள்ள வந்து, "வாசல் பூரா என்னமோ அகல இலைக் களை, நெல்டா. ஒண்ணு விடாம தீத்துட்டேன்"னான்.

நெல்டா சாஸேஜ் வறுத்துக்கிட்டு இருந்தா. திரும்பிக்கூடப் பாக்கல. "தட்டு மாதிரிப் படுத்திருந்துச்சா?"

"ஆமா."

"இலை அஞ்சு விரல் மாதிரியா?"

வில்பர்ட் ஜன்னல் வழியா வாசலை எட்டிப் பாத்தான்.

"உக்காந்து சாப்பிடுங்க. உழைச்சிருக்கீங்க, பசிக்கும்."

ஈஸ்டர் அன்னிக்கு டெஸாவுக்கு மஞ்சக் கவுன். வில்பர்ட் வாசல் பச்சைப்பசேல்னு இருந்துச்சு, மருந்துக்கு ஒரு பூ இல்ல. மக புள்ளையத் தூக்கிக்கிட்டு, "நாங்க மாமா நிலத்துக்குப் போறோம்ப்பா. வரீங்களா, இல்ல மெஷினோட போட்டோ எடுத்துக்கறீங்களா?"ன்னு நடந்துட்டா.

கொஞ்ச நேரம் வீராப்பா நின்னுட்டு, வேலியோரம் போனான். "மச்சான், பூ நல்லாத்தான் வந்திருக்கு."

"பன்னி படுக்குற எடமாச்சே அத்தான். பேன்ட் அழுக்காயிடும்."

"பரவால்ல, பழைய பேன்ட்தான்."

அக்கா மூஞ்சிக்காக ஆர்லன் கேட்டைத் திறந்துவிட்டான். "ஓரமா வாங்க, செடிய மிதிக்காதீங்க."

ஓரமா நடக்குற ஜென்மமா அது? நேரா நடுவுல போய், பத்துச் செடிய நசுக்கி உக்காந்து, பேத்திய வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, "இப்ப எடு"ன்னான்.

அந்தப் போட்டோ இன்னிக்கும் அவன் கூடத்துல தொங்குது. சர்ச்சுக்காரங்க வந்தா, கேக்காமலே இந்தப் பூவை எப்படி வளக்கணும்னு பாடம் எடுப்பான். எடம் யாரோடதுன்னு மட்டும் வாயில வராது. அவங்களும் தலையாட்டிக்கிட்டே காபியக் குடிச்சு முடிச்சிட்டு, விதை கேக்க நேரா ஆர்லன் வீட்டுக்குப் போவாங்க.