வேலிக்குள் ஒன்பது தேயிலைச் செடி

நாட்டின் பொருளாதாரம் எனக்கு எப்போதும் மூன்று வாரம் பிந்தித்தான் வந்து சேரும். பதுளை டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறேன். பொட்டலம் கட்டப் பழைய பேப்பரைக் கிலோ கணக்கில் வாங்கிப் போட்டிருப்பார் முதலாளி. அதில் வியாபாரப் பக்கம் கைக்கு வந்தால் நின்று வாசித்துவிட்டுத்தான் பருப்பைக் கொட்டுவேன். 'இனி விலை இறங்கும்' என்று அடித்துச் சொன்ன மனிதர் என் கையில் இருப்பார். அவர் சொன்ன சாமானின் இன்றைய விலை எனக்குப் பின்னால் பலகையில் இருக்கும். ஒருத்தர் வாக்காவது பலித்து நான் பார்த்ததில்லை. அதற்காக அவர்களை வாசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதலாளி முஸ்லிம் மனிதர், என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் வாசித்து முணுமுணுப்பதைப் பார்த்தால், "அண்ணே, நாட்டத் தூக்கி நிறுத்துறதுக்கு முன்னுக்கு அந்தச் சீனி மூட்டையத் தூக்கி வைங்க" என்பார். தூக்கி வைப்பேன்.

போன வருஷம் காற்றுக் காலத்தில் ஒரு நாள், நாங்கள் குடியிருக்கிற ஸ்பிரிங்வெளி தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்குகிற காலை பஸ்ஸில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. செய்தி வந்தது. ஏலத்தில் எங்கள் பக்கத்து ஊவா தேயிலைக்கு நல்ல விலையாம். அடுத்து ஒரு நிபுணர் வந்தார். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டியதைத் தானே உற்பத்தி செய்தால் நாடு பிழைத்துக்கொள்ளும், அதுதான் சுயசார்பு என்றார். குரலைக் கேட்டால் சொந்தமாக ஒரு முட்டை அவித்த மனிதர் மாதிரித் தெரியவில்லை.

நல்ல விலை என்ற செய்தி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் இனிக்காது. காய்ந்த காற்று அடித்தால்தான் ஊவா தேயிலைக்கு அந்த வாசம் வரும், விலையும் ஏறும். அதே காற்றில் கொழுந்து வராது. பறிக்கிறவர்களுக்கு நாளுக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு. எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஆக, ஏலத்தில் விலை ஏறுகிற மாதம்தான் லயத்தில் சம்பளம் இறங்குகிற மாதம். இதை எந்த நிபுணரும் விளக்கி நான் வாசிக்கவில்லை, மூன்று வாரம் பிந்திக்கூட.

என் மனைவி இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள். வேலைக்குப் போன ஒரு நாளிலும் அரைப்பேர் வாங்கியதில்லை. அந்த மாதக் கடைசியோடு வயது முடிந்து வேலையிலிருந்து நிற்க இருந்தாள். முழுப்பேரோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு ஆசை. இதை அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் ஊம் கொட்டிவிட்டு ரேடியோவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது சுயசார்புப் பித்து. எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேலிக்குள் மாட்டிக்கொண்ட ஒன்பது தேயிலைச் செடிகள் உண்டு. யாருடையவை என்று நான் கேட்டதில்லை, கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். லயத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலியிலிருந்து வழிகிற தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடுவதால், மலையே காய்ந்து கிடந்தபோதும் அவை மட்டும் தளதளவென்று நின்றன. தேயிலைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு தூளைக் கடையில் வாங்குவதா? இனி நம் தேயிலையை நாமே செய்வோம் என்று அறிவித்தேன்.

"ஒங்களுக்குத் தேயிலை போடத் தெரியுமா?" என்றாள்.

"போன்ல பாத்துட்டேன்."

நானே பறித்தேன். பாயில் உலர்த்தி, கையால் கசக்கி, தோசைச் சட்டியில் வறுத்தேன். பால் சேர்க்காமல் சாயத்தண்ணி ஊற்றி இரண்டு பேரும் குடித்தோம். பழைய பாயை அவித்த மாதிரி இருந்தது. அவள் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "எல பூரா முத்தல். மாடு திங்கிறதுக்குப் பறிச்சிருக்கீங்க" என்றாள். குறை இலையில்தான், செய்முறையில் இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியானால் நீயே பறித்துத் தா என்றேன். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது பறித்துப் பாயில் போடுவதாக ஒத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பாய் வெறுமையாகக் கிடந்தது. காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள். மறுநாள் பாயின் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் போனேன். கல் இருந்தது, பாய் இருந்தது, இலை இல்லை. அன்றைக்குப் பக்கத்து வீட்டு ஆடு தின்றதாம். அதற்கடுத்த நாளும் ஆடுதான். ஆட்டைப் போய்ப் பார்த்தேன், அது மெலிந்துதான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பகலோடு கடையை மூடிவிட்டார்கள். நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். வேலிக்குள் என் மனைவி இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது செடியும் மொட்டையாகின. பறித்ததெல்லாம் முதுகில் இருந்த கொழுந்துப் பைக்குள் போனது. பாயை ஒருதரம் தாண்டினாள், திரும்பிப் பார்க்கவில்லை, நேரே கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பாதையில் நடந்தாள். வாசலில் நான் நின்றேன்.

கோபம் எனக்கு. "காத்து இப்ப எங்க கொண்டு போகுது?" என்று கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. "மொத நாளு மறந்துதாங்க போட்டேன். கை பாட்டுக்குப் பறிச்சுச்சு, பையில போட்டுச்சு. நா பாட்டுக்கு மடுவத்துக்குப் போயிட்டேன். தராசுல வச்ச பொறகுதான் ஞாபகம் வந்துச்சு. பாத்தா, அன்னைக்குக் கிலோ சரியா நின்னுச்சு."

"மறுநாளும் மறந்துட்டியா?"

"மறுநாளு மறக்கல."

என் சுயசார்பு தினமும் லொறி ஏறி ஃபெக்டரிக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ஏலத்துக்குப் போய் நல்ல விலையும் வாங்கியிருக்கிறது. நல்லது போக மிஞ்சிய தூள் எங்கள் கடைக்கு வந்து, அதை நானே காசு கொடுத்து வாங்கிக் குடித்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"இன்னும் ஏழு நாளு வேலை இருக்குங்க. போற நேரத்துல அரைன்னு போய் நிக்க வெக்கமா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதை அப்போதுதான் உண்மையில் கேட்டேன். மறுநாளிலிருந்து விடிந்ததும் பீலியில் வாளி வைத்து அந்த ஒன்பது செடிக்கும் தண்ணீர் ஊற்றினேன். பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஆனால் செடிகளும் எத்தனை நாளுக்குத் தாங்கும்? அவளுடைய கடைசி நாளில், வீட்டில் ஒரு பொருளாதாரப் பிரச்சினை என்று சொல்லி லீவு கேட்டேன். "அத நீங்களே தீர்க்கப் போறீங்களா? அண்ணி பாவம்" என்று சொல்லிவிட்டு முதலாளி லீவு தந்தார். பகலில் அவள் வந்து பார்த்தபோது ஒன்பது செடியிலும் சேர்த்து ஒரு கை கொழுந்துகூட இல்லை. அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவள் போனதும் கடைப் பையை எடுத்துக்கொண்டு போய், செடியில் இருந்த இலையையெல்லாம் உருவினேன்.

சாயங்காலம் மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவள் பை தராசுக்குப் போகிற நேரம் பார்த்து, நான் கொண்டுபோனதை அதில் கொட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

கங்காணி இளம் பையன். முள் நிற்கிற இடத்தைப் பார்த்தான், கிலோ சரியாக இருந்தது. மேலே கிடந்த ஓர் இலையை எடுத்துப் பார்த்தான். "அக்கா, இது ஒங்க கை இல்லையே" என்றான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் என்னையும் பார்த்தான். "பரவால்ல, கடைசி நாளு. முழுசாவே போடுறேன்."

"இருப்பா" என்றாள் என் மனைவி.

பையைத் தராசிலிருந்து இறக்கினாள். உட்கார்ந்து என் இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டாள். அவசரப்படவில்லை. கடைசி முத்தலும் போன பிறகு பையைத் திரும்பத் தராசில் மாட்டினாள். முள் அளவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"கீழ கெடக்குறத எம் பேர்ல நிறுக்காத தம்பி. அரைன்னே போட்டுரு."

அவன் எழுதினான். எனக்குத் தலை நிமிரவில்லை. அவளோ பொறுக்கிய முத்தல் இலைகளைக் கடைப் பையில் அள்ளிக்கொண்டு, எல்லோரிடமும் சிரித்துப் பேசி விடைபெற்று வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவற்றைக் கசக்கித் தோசைச் சட்டியில் வறுத்தாள். இரண்டு கோப்பையில் சாயத்தண்ணி ஊற்றினாள். தனக்குக் கடைத் தூள். என் கோப்பையை முன்னால் வைத்து, "குடிங்க, நம்ம வீட்டுத் தேயிலை" என்றாள்.

ஓர் அபிப்பிராயமும் சொல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.