லேப் டீச்சர் வாயை மூடிய வாரம்

கல்லூரியில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஒலிபெருக்கி'. காலையில் தெரிந்துகொண்டதை மதியத்துக்குள் வகுப்பில் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒற்றைக் கணினியின் முன் ஒரு வகுப்பையே நெருக்கியடித்து உட்காரவைத்துப் பாடம் தொடங்கியவர். இன்று ஒரு மாடி முழுக்க அவருடைய ஆய்வகம்.

அங்கே கரண்ட் போனால் மாணவர்கள் பாதி எழுதிய புரோகிராம் அம்போ. அதற்காகத்தான் ஒரு சின்னப் பெட்டி செய்தார். கரண்ட் போன நொடியில், ஆய்வகத்தின் பழைய பேட்டரி தாங்கும் கொஞ்ச நேரத்துக்குள், எல்லாக் கணினிகளையும் சேமிக்கச் சொல்லி, பிறகு அணைத்துவிடும்.

"வாத்தியார் வேலைன்னா அடுத்தவன் கண்டுபிடிச்சதை ஒப்பிக்கிறதுதானே?" என்று துறைத் தலைவர் ஒருநாள் சிரித்தார். சுருக்கென்றது. தன் பெயரில் ஒரு காப்புரிமை வாங்கியே தீருவது என்று, காப்புரிமை வக்கீலான தம்பியின் முன் போய் உட்கார்ந்தார்.

"புதுசா இருக்கணும். பயன்படணும். துறை தெரிஞ்சவனுக்குச் சட்டுனு தோணிடக் கூடாது. அதைவிட முக்கியம், விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ஊருக்குத் தெரியக் கூடாது. யார்கிட்டயாவது சொன்னியாக்கா?"

"வகுப்புல சொன்னேன்."

"போச்சு."

"வீடியோவா இணையத்துலயும் போட்டிருக்கு. வேற ஒரு கல்லூரியில அதைப் பார்த்தே செஞ்சுட்டாங்களாம்!" பெருமையில் அவர் முகம் மலர்ந்தது.

தம்பி தலையில் கை வைத்தான். "உன் எதிரி வெளியில இல்ல, உன் வாய்லதான் இருக்கான். நம்ம சட்டப்படி அந்தப் பெட்டி இப்ப எல்லாருக்கும் பொது. சொல்லாதது ஏதாவது மிச்சமிருக்கா?"

இருந்தது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் சேமித்தால் அந்தப் பழைய பேட்டரி தாங்காது. எந்தக் கணினியில் சேமிக்காத வேலை அதிகமோ அதற்கு முதல் இடம் என்று வரிசை வகுக்கும் வழி ஒன்று. போன வாரம்தான் பிடிபட்டது. அப்போது வகுப்புகளுக்கு விடுமுறை என்பதால் தப்பித்தது.

"வீடியோ பார்த்தவன் இதை யூகிச்சுடுவானா?"

"நானே தலைகீழா நின்னுல்ல கண்டுபிடிச்சேன்!"

"அப்ப இதுக்குக் கேட்கலாம். விண்ணப்பம் போற வரைக்கும் மூச்சு விடாதே, தாயே."

மறுநாளே முன்வரிசை மாணவி எழுந்தாள். "டீச்சர், எல்லாம் ஒரே நேரத்துல சேமிச்சா பேட்டரி தாங்குமா?"

இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல கேள்வி வந்ததில்லை. பதில் நாக்கு நுனியில் துடித்தது. தெரியாது என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"தெரியும். ஆனா இப்ப சொல்ல மாட்டேன்."

வகுப்பே வாயைப் பிளந்தது. "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த வாரம் முழுக்க, பதில் வாய்வரை வந்தபோதெல்லாம் அவர் தண்ணீராகக் குடித்துத் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை பாடத்தின் நடுவே தம்பி போனில் அழைத்தான். "பதிவாகிடுச்சுக்கா. பரிசோதிச்சு முடிவு சொல்ல நாளாகும். ஆனா இன்னைக்குத் தேதி உன்னோடது, இனி யார் கேட்டு வந்தாலும் உனக்குப் பின்னாடிதான். இனிமே தாராளமா பேசு."

துறைத் தலைவருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவர் நிமிர்ந்து நின்று, பலகையைத் துடைத்து, முன்வரிசையைப் பார்த்தார்.

"பேட்டரி கேள்வி கேட்டது யாரு? எழுந்திரும்மா. இது நான் கண்டுபிடிச்சது, கவனமா கேளு."