விரல் கணுவில் எண்ணியவர்

புதுக்கோட்டைப் பள்ளிவாசலில், தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்தவர் அவர். நெட்டை உருவம், நரைத்த தாடி. யார் பேசினாலும் கட்டைவிரலால் விரல் கணுக்களை எண்ணிக்கொண்டே கேட்பார்.

1930களில் சமஸ்தானத்தைப் பார்வையிட வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகாது, ஓட்டுப் போட வெள்ளைக்காரர்கள்தான் மெல்லக் கற்றுத்தர வேண்டும் என்று அங்கே பேசினார். மொழிபெயர்த்த குமாஸ்தா நான். என் இங்கிலீஷை மெச்சியவள் என் மனைவி மட்டும்தான். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

தண்ணீர்க்காரர் எழுந்தார்.

"ஐயா, தொரைகிட்ட கேளுங்க. பள்ளிவாசல் நிர்வாகம் பாக்குற முத்தவல்லிய நாங்க கூடிக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுக்குறோம். தோல் மண்டி மொதலாளி கையும் என் கையும் அங்க ஒண்ணு. சர்க்கார் ஓட்டுல, நெலம் இல்லைன்னு என்னையச் சேக்கலை. இதுல யாரு யாருக்குக் கத்துக்குடுக்குறது?"

கேள்வி நியாயமானது. எனக்கோ வேலை போய்விடுமே என்ற பயம்.

"தேங்க் யூ, சார்" என்று மொழிபெயர்த்தேன். துரை மகிழ்ந்துபோய் அவர் கையைக் குலுக்கினார்.

துரையின் கார் போனதும் தண்ணீர்க்காரர் என்னிடம் வந்து கையை நீட்டினார். கட்டைவிரல் மூன்றாவது கணுவில் நின்றிருந்தது.

"நான் அம்புட்டு நேரம் பேசுனேன், நீங்க மூணே வார்த்தையில முடிச்சுட்டீங்க. இங்கிலீசு அவ்வளவு சிக்கனமான பாசையாங்க?"

கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றும் தெரியவில்லை. துரையை நினைத்தாலே கோபம் வருகிறது. ஆனால் தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிகிறவர் துரை இல்லையே.