கட்டத்துக்குள் ஒரு படகு

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்துவிடுவேன். பஸ்ஸுக்கு நின்றால் பத்து தடவை ரோட்டை எட்டிப் பார்ப்பேன். "கால்ல வெந்நீர கொட்டிக்கிட்டே பொறந்தீங்களா?" என்பாள் என் மனைவி. அப்படிப்பட்டவன் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், டிராயிங் போர்டு முன்னால் மெஷின் பாகங்களுக்குப் படம் போட்டபடி நாள் முழுக்கக் குனிந்து நின்றேன் என்றால் வயிற்றுப்பாடுதான் காரணம்.

எண்பதுகளின் கடைசி. மகளுக்கு அஞ்சு வயது. அவள் படித்த நர்சரி யூகேஜியோடு முடிந்துவிடும். ஒன்றாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியில் இடம் வேண்டுமென்றால் பரீட்சை வைப்பார்கள். எழுத்து, எண், பாட்டு எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அக்கம்பக்கத்தில் விளையாடி கன்னடமும் தெலுங்கும்கூடப் பேசுவாள். கட்டத்தில் படம் போடுவது மட்டும் வரவில்லை. தாளின் இடப்பக்கம் கட்டங்களுக்குள் ஒரு படகோ மீனோ வரைந்திருக்கும். வலப்பக்கம் வெறும் கட்டங்கள். எத்தனை கட்டம் தள்ளி, எத்தனை கட்டம் கீழே என்று எண்ணி அதே படத்தை வலப்பக்கம் போட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு விரல் பழகுவதற்கான வேலை அது.

நர்சரி மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பாப்பாவுக்கு எண்ணிக்கை நல்லா புரியுது சார். கைதான் நிக்க மாட்டேங்குது. வீட்ல தினம் கொஞ்சம் போட வையுங்க. இது வரலன்னா அடுத்த வருசம் வாங்கன்னு சொல்லிடுவாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. படம் போட்டுப் பிழைக்கிறவன் மகளுக்குப் படம் வரவில்லையாம். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் மேலே போக இவள் மட்டும் பழைய வகுப்பில் உட்கார்ந்திருப்பாளா? நினைக்கவே எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். மனைவி கடையில் வாங்கி வைத்திருந்த பென்சிலைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. எங்கள் டிராயிங் ஹாலில் மெத்தென்ற பென்சிலைக் கையில் எடுத்தாலே சிரிப்பார்கள். கோடு தடிக்கும், கரி தாளெல்லாம் அப்பும். எங்களுக்கு நாலு எச் என்ற கெட்டிப் பென்சில்தான். அதன் முனை கல் மாதிரி இருக்கும், உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கி வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தேன்.

"கொழந்த கைக்கு எதுக்குங்க கம்பெனி பென்சிலு? இது என்னா உங்க மேனேஜருக்கு போடற படமா?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்" என்றேன். அந்த வீட்டில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

மகள் சரியாகத்தான் எண்ணினாள். மூன்று கட்டம் வலப்பக்கம், ஒரு கட்டம் மேலே, பிறகு சாய்வாக ஒரு கோடு. ஆனால் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. "அழுத்தும்மா" என்றேன். அழுத்தினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, தோளோடு சேர்த்து அழுத்தினாள். தாள் கிழிந்தது. "இன்னும் நல்லா அழுத்து. சோறு திங்கறியா இல்லையா?" என்று பென்சிலைப் பிடுங்கி நானே ஒரு கோடு போட்டேன். பளிச்சென்று விழுந்தது. ஆகவே குறை அவள் கையில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆறு வருடம் அந்தப் பென்சிலைப் பிடித்துக் காய்த்துப்போன கை என்னுடையது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு மாதம் இப்படியே போனது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் "நோட்டை எடு" என்பேன். அவள் வரையும்போது நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். அவள் நடுவிரலில் பள்ளம் விழுந்து சிவந்துவிட்டது. மனைவி அதில் தேங்காய் எண்ணெய் தடவியபடி, "ஆத்திரக்காரனுக்கு புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். காதில் விழாததுபோல் வெளியே போய்விட்டேன்.

பரீட்சை அன்று பெற்றோரை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். பென்சிலும் தாளும் பள்ளியே கொடுத்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெங்களூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் "கூத்கொள்ளி சார்" என்று பெஞ்சில் இடம் காட்டினார். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு மறுபடி நடந்தேன். குழந்தைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். என் மகள் கடைசியில் வந்தாள். கூடவே ஒரு மிஸ் தாளோடு வந்தார்.

தாளில் பாதிப் படகுதான் இருந்தது. அடிப்பாகம் கன்னங்கரேலென்று தடித்துக் கிடந்தது, மேலே வெறுமை. நான் பதறிக் கேட்டேன். "பாதியில நிறுத்திட்டாளா மிஸ்?"

"நிறுத்தல சார்." அவர் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். பாய்மரம், பாய், கொடி எல்லாம் தாளில் பள்ளமாகத் தெரிந்தன. "நாங்க குடுத்தது மெத்துனு இருக்கற பென்சிலு, இவ அழுத்துன அழுத்துல முனை ஒடைஞ்சிருச்சு. யார்கிட்டயும் கேக்காம மிச்சத்த வெறுங்கட்டையிலயே போட்டிருக்கா. ஒரு கட்டங்கூட தப்பல. எடம் உண்டு சார், அத பத்தி கவலையில்ல. ஆனா இப்படி அழுத்த யாரு பழக்குனது?"

நான் தாளை வாங்கிக்கொண்டேன். அதைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தேன். படகு முழுதும் தழும்பாகக் கையில் பட்டது.

வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் மண்டியிட்டுக் கேட்டேன். "முனை ஒடைஞ்சா வேற பென்சில் கேக்கலாம்ல கண்ணு?"

"நல்லாத்தான் அழுத்தினேம்பா" என்றாள். "கோடுதான் வரல. இன்னும் அழுத்தணுமா?"

"உன் கையில ஒரு தப்பும் இல்லம்மா, அப்பாதான் தப்பான பென்சில் குடுத்துட்டேன்" என்று சொல்லி, பள்ளம் விழுந்த அந்த விரலைப் பார்ப்பதற்காகக் கையை நீட்டினேன். அவள் சட்டென்று தன் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.