சித்திரையில் நிரம்பிய ஏரி

அந்த அதிகாரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னை நினைத்தால் அதைவிட அதிகம்.

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. கல்யாண ஜோடி, மொட்டையடித்த குழந்தை, பரீட்சைக்கு ஒட்டும் சின்னப் படம் என்று வாரம் முழுக்க மனித முகங்களையே எடுத்து அலுத்துப்போவேன். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஐந்து மைல் தள்ளியிருந்த ஓர் ஏரிக்குக் கிளம்பிவிடுவேன். கரையில் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்பேன். இடது பக்கம் மதகு, வலது பக்கம் தூரத்தில் ராஜகிரி மலை. கார்த்திகையில் கரையை முட்டும் தண்ணீர், மார்கழியில் மலையைப் பாதி மறைத்த பனி, மாசியில் ஓரம் வற்றி மாடு மேயும் புல். சித்திரையில் பாளம்பாளமாக வெடித்த தரை, நடுவில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பும் பெண்கள்.

அந்த நான்கு படங்களும் கடையில் மாட்டியிருந்தன. போட்டோ எடுத்துக்கொள்ள வந்த ஓர் அதிகாரி அவற்றைப் பார்த்தார். மந்திரி வரப்போகிறார், பெரிதாக்கிக் கொடுத்தால் அலுவலகச் சுவரில் மாட்டி உன் ஸ்டூடியோ பெயரையும் போடுகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிதாக்கிக் கொண்டுபோனேன். சித்திரைப் படத்தைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

“என்னப்பா, பஞ்சத்தைக் கொண்டுவந்து மாட்டச் சொல்றியா? கோடைக்கும் தண்ணி இருக்கற மாதிரி ஒண்ணு குடு. இல்லேன்னா நாலையும் எடுத்துட்டுப் போ.”

எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. கார்த்திகையில் வேறொரு நாள் எடுத்த நெகட்டிவ் ஒன்று இருந்தது. பக்கத்தில் மாட்டும் கார்த்திகைப் படம்தான் இதுவும் என்று தெரியாமலிருக்க, இருட்டறையில் அதை இடம்வலமாகப் புரட்டிப் போட்டு பிரிண்ட் எடுத்தேன். மதகு வலது பக்கம் போனது, மலை இடது பக்கம் வந்தது. ஏரியின் பெயரைப் போட்டுக் ‘கோடைக்காலம்’ என்று எழுதி மாட்டினார்கள். கீழே என் ஸ்டூடியோ பெயர். மந்திரி பார்த்தாரோ என்னவோ, நான் போய்ப் போய்ப் பார்த்தேன், வெட்கங்கெட்டவன்.

அடுத்த சித்திரையில் அந்த ஏரிக்கரை ஊர்க்காரர்கள் குடிதண்ணீர்க் கிணறு கேட்டு அதே அலுவலகத்துக்கு மனுவோடு போனார்கள். அதிகாரி சுவரைக் காட்டி, கோடையிலேயே ஏரி நிரம்பி நிற்கிறதே, கிணறு எதற்கு என்று கேட்டு அனுப்பிவிட்டார். அங்கிருந்து அவர்கள் நேராக என் கடைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள், ஊற்றருகே நான் படமெடுத்த பெண்களில் ஒருத்தி. ஆட்களை உட்காரவைக்கும் நாற்காலியில் காலிக் குடத்தை ணங்கென்று வைத்தாள்.

“இன்னாய்யா படக்காரரே, உம் படத்துல தண்ணி ரொம்பிக் கெடக்குதாமே. மொண்டு குடு. வூட்ல கொயந்த தொண்ட காஞ்சி கெடக்குது.”

கூட வந்த ஒரு பெரியவர், “மலைய இந்தாண்ட தூக்கி வச்சிட்டா எங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

சித்திரைப் படத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரியின் மேசையில் வீசினேன். இதுதான் கோடை, சுவரில் இருப்பது கார்த்திகை, நீங்கள் கேட்டதால் நெகட்டிவைப் புரட்டிப் போட்டேன் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“நான் கேட்டது படம். பொய் சொல்லச் சொன்னேனா? அதைப் புரட்டினவன் இதை மட்டும் ஒழுங்கா எடுத்திருப்பான்னு நான் எப்படி நம்பறது? நேர்ல பார்க்க ஆள் அனுப்பறேன், போங்க.”

அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருப்பேன். மேசையில் கிடந்த படத்தைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாரா வாரம் போய்க் கேட்டேன். ஜீப் இல்லை என்றார்கள், ஆள் லீவு என்றார்கள். கடைசியில் ஆள் வந்தது கார்த்திகையில். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. நான் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்று, ஏரியில் நீர் உள்ளது, கிணறு அவசியமில்லை என்று எழுதிக்கொண்டார். சித்திரையில் வந்து பாருங்கள் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். “நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்?” என்றார் அவர்.

மறு சித்திரையில் இன்னும் மேலிடத்துக்கு அனுப்பலாம் என்று கேமராவோடு போனேன். அதே பெண் ஊற்றில் குனிந்து மொண்டுகொண்டிருந்தாள். நான் முக்காலியை விரிப்பதைப் பார்த்ததும் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“வாணாம்யா. நீ எடுக்க எடுக்க எங்களுக்குத்தான் தண்ணி வத்துது.”